கிராவல் குவாரி சுவத்துல பொந்து, பச்சைக் குருவி

ப்ரோ, ஓடிட்டு இருக்கற கிராவல் குவாரில வெட்டின மண் சுவத்துல பொந்து பொந்தா இருக்கு, சின்னதா பச்சைக் குருவி வருது, ஆனா கிட்டப் போனா கம்பியிலயே உக்காந்துக்குதுன்னு கேட்டிருந்தீங்கல்ல, அது பச்சைப் பஞ்சுருட்டான், அந்தப் பொந்துதான் அதோட கூடு. பொந்து உங்க கண்ணுல படற மாதிரி நின்னீங்கன்னா உள்ள போக ரொம்ப யோசிக்கும், அதனால தள்ளி பக்கவாட்டுல வண்டிக்குள்ளயே உக்காந்து பைனாகுலர்ல பாருங்க. சுவத்துக்கு அடியில மட்டும் நிக்கவே நிக்காதீங்க, வெட்டின மண்ணு சொல்லாம கொள்ளாம சரியும். சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டு லாரி ஓடாத நாள்ல போங்க, ஜேசிபி ஓட்டறவர்கிட்டயும் பேசிப் பழகிக்கோங்க, "அண்ணே ஜூன் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் கை வைக்காதீங்க"ன்னு அவர்கிட்ட சொல்றது ஓனருக்கு மனு எழுதறத விட வேலைக்காகும்னு நெனைக்கறேன்.

நடக்கும்போது தரையப் பாருங்க, ஆள்காட்டிக் குருவி வெறும் ஜல்லி மேலயே முட்டை போடும், பெரும்பாலும் 4, கல்லு கலர்லயே இருக்கும், தலைக்கு மேல கத்திட்டே சுத்துச்சுன்னா வந்த வழியே திரும்பிடுங்க.

பூச்சியும் கேட்டீங்கல்ல, பொடி மண்ணுல புனல் மாதிரி குழி இருந்தா குழியானை, எறும்பு ஒண்ணு விழற வரைக்கும் பொறுமையா இருங்க, கீழ இருந்து மண்ண வாரி அடிக்கும் பாருங்க, செம! தேங்கின தண்ணில தட்டான் வால் நுனியத் தொட்டுத் தொட்டு எடுக்கறது முட்டை போடறதுக்கு.