மலையைப் பார்த்தே நிலநடுக்கம் வருமா என்று சொல்ல முடியுமா? எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைகள் எப்படி?

ஓரளவு சொல்லலாம். ஆனால் மலையின் உயரத்தைப் பார்த்துப் பயன் இல்லை, அடிவாரத்தைப் பார்க்க வேண்டும். எனக்குச் சொந்த ஊர் ராயக்கோட்டை, படித்தது நிலவியல்.

பூமிக்குள் பாறை பிளந்து, அந்தப் பிளவு இன்றும் நகரும் இடங்களில், மழையும் ஓடையும் அரித்து மழுக்குவதற்குள் நிலம் மறுபடி அசைந்துவிடும். அதனால் அடிவாரம் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும். இறங்கி வரும் மலைச்சரிவுகள் முக்கோணமாக அறுபட்டு நிற்கும். பிளவைக் கடக்கும் ஓடை ஒடிந்ததுபோல் பக்கவாட்டில் திரும்பும். கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் ஓடும் வாலஸ் ஓடை சுமார் 3,700 ஆண்டுகளில் 130 மீட்டர் விலகியிருக்கிறது. வருடத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் என்று கணக்கு வந்தாலும் அது வருடாவருடம் நகர்ந்ததல்ல. நெடுங்காலம் இறுகிக் கிடந்து, ஒரே உலுக்கலில் சில மீட்டர் தாண்டும். அங்கே கடைசியாகத் தாண்டியது 1857-இல். இப்படிப்பட்ட இடத்தில் பிளவுக்குக் குறுக்கே குழி வெட்டி, அறுந்த மண் அடுக்குகளில் கிடைக்கும் கரித்துண்டுகளின் வயதைக் கணித்தால் பழைய நிலநடுக்கங்களின் காலமும் தெரியவரும்.

நம் மலைகளில் இந்த அடையாளங்களை நான் பார்த்ததில்லை. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் ராயக்கோட்டை மலையும் தேய்ந்து உருண்ட பழம்பாறைகள். நேர்கோடாகத் தெரிவதெல்லாம் பிளவு நகர்ந்த தடமும் அல்ல. குவாரிக்காரர்கள் கருப்பு கிரானைட் என்று வெட்டியெடுக்கும் பாறை கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும். அது நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெடிப்புகளில் ஏறி உறைந்த பாறைக்குழம்பு.

அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. 1993 செப்டம்பர் 30 விடிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம் வந்த நிலநடுக்கத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அங்கே எச்சரிக்க ஒரு மலைகூட இல்லை, சமவெளி. கொன்றது கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவர்கள். நம் கிராமத்துப் பழைய வீடுகளும் அப்படித்தானே? கோவைப் பக்கமும் 1900-இல் 6 ரிக்டர் அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்திருக்கிறது.

அண்ணன் வீடு கட்டியபோது, ஜன்னல்களுக்கு மேல் மட்டும் லிண்டல் என்கிற கான்கிரீட் விட்டம் போட்டால் போதும் என்றார் மேஸ்திரி. நான் கூடவே நின்று, நிலம் குலுங்கினாலும் சுவர்கள் பிரியாதபடி, எல்லாச் சுவரையும் சுற்றி வரும்படி கம்பி கட்டி பெல்ட் போட வைத்தேன்.