கேளுங்கள், சொல்கிறோம்: கன்ட்ரோலரின் முதுகில் நான்கு பொத்தான்கள்

சென்ற இதழில் விலை உயர்ந்த கேம் கன்ட்ரோலர்களைப் பற்றி வெளிவந்த சிறு குறிப்பைப் படித்துவிட்டுக் குமரி மாவட்டத்திலிருந்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் கொண்டுவந்து கொடுத்த கன்ட்ரோலர், பெட்டியைப் பிரித்த நாளில் தந்த மகிழ்ச்சி ஒரு வாரத்தில் குழப்பமாகிவிட்டது என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம். 'பேடில்' என்று அழைக்கப்படும் பின்பக்கப் பொத்தான்களைப் பற்றிய கேள்விகளே மிகுதி என்பதால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: துபாயில் இருக்கும் என் அண்ணன் எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2 கன்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நான்கு பேடில்களையும் மாட்டி, நான்குக்கும் வேலை கொடுத்துத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை ஆடினேன். முன்பிருந்ததைவிட மோசமாக ஆடுகிறேன். தேவையில்லாத நேரத்தில் குதிக்கிறேன், கையெறி குண்டை என் காலடியிலேயே போடுகிறேன். இப்போது நான்கையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். நான் செய்த தவறு என்ன? (கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

பதில்: ஒரே நாளில் நான்கையும் மாட்டியதுதான் தவறு, தம்பி. பேடில் என்பது புதிய பொத்தான் அன்று. முன்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொத்தானை இன்னொரு விரலுக்கு இடம் மாற்றித் தருகிற ஏற்பாடு மட்டுமே. ஏ பொத்தானை ஒரு பேடிலுக்கு ஒதுக்கினால், அந்தப் பேடிலை அழுத்தும்போது ஏ அழுத்தப்பட்டதாகவே விளையாட்டு எடுத்துக்கொள்ளும். ஆகவே எந்தப் பொத்தானை இடம் மாற்றுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் வலது கட்டைவிரல் எப்போதெல்லாம் ஸ்டிக்கை (கட்டைவிரலால் எல்லாத் திசைகளிலும் சாய்க்கும் சிறு குமிழை) விட்டு விலகுகிறது என்பதை ஒரு மாலை முழுவதும் கவனித்துப் பாருங்கள்.

துப்பாக்கி விளையாட்டில் வலது ஸ்டிக்தான் பார்வையையும் குறியையும் திருப்புகிறது. குதிப்பதற்காகக் கட்டைவிரல் ஏ பொத்தானுக்குப் போகும் அந்த அரை நொடியில் உங்களால் திரும்ப முடியாது. எதிரியோ அந்த அரை நொடியைத்தான் எதிர்பார்த்திருக்கிறான். பேடில் காப்பாற்றித் தருவது அந்த அரை நொடியைத்தான். எனவே குதித்தல் முதலில், குனிதல் அடுத்து என்பது என் வரிசை. துப்பாக்கியில் குண்டு நிரப்புவதைப் பெரும்பாலும் மறைவிடத்தில் நின்றுதான் செய்கிறோம் என்பதால் அதற்குப் பேடிலைச் செலவிட வேண்டியதில்லை. வரைபடம் பார்ப்பதற்கும் அப்படியே. ஆனால் ஸ்டிக்கையே உள்ளே அழுத்தி ஓடவேண்டிய விளையாட்டாக இருந்தால், அந்த அழுத்தலைப் பேடிலுக்கு மாற்றுவது நல்லது. கைக்கும் வலி குறையும், ஸ்டிக்கும் நெடுநாள் உழைக்கும்.

முதல் வாரம் ஒரே ஒரு பேடிலை மாட்டுங்கள். வலதுபக்கம் நடுவிரல் இயல்பாகப் படும் மேல் பேடில் போதும். அதில் குதித்தலை மட்டும் வையுங்கள். முன்பக்கத்து ஏ பொத்தான் அப்போதும் வேலை செய்யும் என்பதால் பழைய பழக்கம் உங்களை விடாது பிடித்திழுக்கும். அதை உடைக்க ஒரு வழி உண்டு. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் எக்ஸ்பாக்ஸ் ஆக்ஸசரீஸ் செயலியில் முன்பக்கத்து ஏ பொத்தானுக்கு நீங்கள் அதிகம் பயன்படுத்தாத வேறு வேலையைக் கொடுத்துவிடுங்கள். விரல் தானே பின்பக்கம் போகக் கற்றுக்கொள்ளும். இரண்டாவது பேடிலை எப்போது மாட்டுவது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் பேடிலை நினைத்துப் பார்க்காமல் அழுத்தத் தொடங்கிய பிறகு மாட்டுங்கள்.

கையெறி குண்டு காலடியில் விழுந்த காரணத்தையும் ஊகிக்க முடிகிறது. கீழ்ப் பேடில்கள் மோதிர விரலுக்கு உரியவை. பதற்றம் வரும்போது நாம் எல்லோரும் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிப்பது மோதிர விரலாலும் சுண்டு விரலாலும்தான். அங்கே குண்டு வீசும் வேலையை வைத்தால் பதறும்போதெல்லாம் குண்டு விழும். பெட்டியில் நடுத்தர அளவில் இரண்டும் சிறிய அளவில் இரண்டுமாகப் பேடில்கள் இருந்திருக்கும். காந்தத்தால் ஒட்டிக்கொள்பவை என்பதால் கழற்றி மாட்ட நொடிப்பொழுது போதும். இரண்டோடு நிறுத்திக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

கேள்வி: எங்கள் ஊரில் பந்தை விட்டால் பேச்சில்லை. திரையிலும் நாங்கள் ஆடுவது கால்பந்துதான். அதற்குப் பேடில் பயன்படுமா? (வாசகர், தூத்தூர்)

பதில்: துப்பாக்கி விளையாட்டுக்குப் பயன்படும் அளவுக்குப் பயன்படாது. கால்பந்து விளையாட்டில் வலது கட்டைவிரல் பெரும்பாலும் பாஸ், ஷாட் பொத்தான்களின் மேலேயே இருக்கிறது. அது விட்டு விலக வேண்டிய இடமே இல்லை. ஆட்டத்தின் நடுவே உத்தியை மாற்றத் திசைப் பொத்தானை நாடும்போது இடது கட்டைவிரல்தான் ஸ்டிக்கை விட்டுவிடுகிறது, வீரரும் அந்தக் கணம் நின்றுவிடுகிறார். திசைப் பொத்தானின் இரண்டு பக்கங்களை மட்டும் இடதுபக்கப் பேடில்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். இதற்காக மட்டும் புதிய கன்ட்ரோலர் வாங்க நினைத்தால், அந்தப் பணத்துக்கு உண்மையான பந்துகளை வாங்குவதே மேல்.

கேள்வி: கணினியில் ஸ்டீம் (விளையாட்டுகளை வாங்கி ஆடும் தளம்) வழியாக ஆடுகிறேன். ஒரு பேடிலை அழுத்தினால் இரண்டு செயல்கள் நடக்கின்றன. சில நாட்களில் பேடில்கள் வேலையே செய்வதில்லை. கன்ட்ரோலர் பழுதாகிவிட்டதா? (வாசகர், தக்கலை)

பதில்: பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் கன்ட்ரோலரின் நடுவிலுள்ள புரொஃபைல் பொத்தானுக்குக் கீழே எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று பாருங்கள். எலைட் சீரிஸ் 2-இல் மூன்று புரொஃபைல்களை, அதாவது எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்ற அமைப்புகளை, சேமிக்கலாம். அந்தப் பொத்தானைத் தட்டத் தட்ட ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி, நான்காவது நிலையில் விளக்கே எரியாது. விளக்கு எரியாத நிலை தொழிற்சாலை அமைப்பு. அதை நாம் மாற்ற முடியாது, நாம் ஒதுக்கிய வேலைகளும் அங்கே செல்லாது. ஆட்டத்தின் இடையே விரல் பட்டு அந்த நிலைக்குப் போயிருந்தால் பேடில்கள் இறந்துவிட்டதுபோலத் தோன்றும்.

இரட்டைச் செயல் நடப்பது இரண்டு எசமானர்கள் இருப்பதால். கன்ட்ரோலருக்குள் சேமித்த புரொஃபைல் ஒரு பக்கம் பேடிலை வேறொரு பொத்தானாக மாற்றுகிறது; ஸ்டீமின் அமைப்பு அந்தப் பொத்தானுக்கு இன்னொரு வேலையைக் கொடுத்து வைத்திருக்கிறது. ஒருவரிடம் மட்டும் பொறுப்பை ஒப்படையுங்கள். ஸ்டீம்தான் முடிவு செய்ய வேண்டுமென்றால் கன்ட்ரோலரை விளக்கு எரியாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில்தான் பேடில்களைத் தனிப் பொத்தான்களாக ஸ்டீமால் அடையாளம் காண இயலும். கன்சோலிலும் கணினியிலும் மாறி மாறி ஆடுபவராக இருந்தால், உள்ளே சேமித்த புரொஃபைலையே நம்புங்கள். அது கன்ட்ரோலரோடு கூடவே வரும்.

கேள்வி: டிரிகரின் (சுட்டுவிரலால் இழுக்கும் விசையின்) பயணத்தை, அதாவது அது உள்ளே போகும் தூரத்தை, குறைத்துத் துப்பாக்கி விளையாட்டை ஆடினேன், மிகவும் நன்றாக இருந்தது. பிறகு கார்ப் பந்தயத்துக்குப் புரொஃபைலை மாற்றினேன், ஆனாலும் ஆக்ஸிலரேட்டர் ஒரேயடியாகப் பாய்கிறது. (வாசகர், பூதப்பாண்டி)

பதில்: டிரிகர் பூட்டு என்பது கன்ட்ரோலரின் பின்புறம் உள்ள சிறிய நகர்த்தி. அது இயந்திர ஏற்பாடு என்பதால் எந்தப் புரொஃபைலும் அதை நகர்த்தாது. விரலால் நீங்கள்தான் முழுப் பயண நிலைக்குத் தள்ள வேண்டும். பந்தயத்தில் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே ஆட்டம். மலைப்பாதை வளைவில் பைக் ஓட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ் எட்ஜ் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். டிரிகரின் பயணத்தைக் குறைத்துவிட்டால், வில்லை இழுப்பதுபோல விரலை எதிர்த்து நிற்கும் அந்த உணர்வு கிடைக்காது.

கேள்வி: ரப்பர் பால் வெட்டும் வேலையில் கத்தி பட்டு என் தம்பியின் வலது கட்டைவிரலின் நரம்பு அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விரல் சரியாக மடங்கவில்லை. மாலையில் நண்பர்களோடு விளையாடுவதுதான் அவனுடைய ஒரே பொழுதுபோக்காக இருந்தது. இப்போது கன்ட்ரோலரைத் தொடுவதே இல்லை. பின்பக்கப் பொத்தான்கள் அவனுக்கு உதவுமா? (வாசகி, குலசேகரம்)

பதில்: அம்மா, உதவும் என்றே நம்புகிறேன். என்னைக் கேட்டால், இந்தப் பொத்தான்களின் உண்மையான பயன் போட்டியில் வெல்வதைவிட இத்தகைய இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் அவரால் எதைச் செய்ய முடிகிறது என்று பாருங்கள். கட்டைவிரல் மடங்காவிட்டாலும் ஸ்டிக்கின் மேல் வைத்து மெதுவாகத் தள்ள முடிகிறதென்றால், பாதிக் கவலை தீர்ந்தது. ஏ, பி, எக்ஸ், ஒய் என்னும் நான்கு பொத்தான்களையும் நான்கு பேடில்களுக்குக் கொடுத்துவிட்டால், அந்தக் கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நகரவே தேவையிருக்காது. மார்த்தாண்டம் தம்பிக்கு ஒன்றிலிருந்து தொடங்கச் சொன்னேன். உங்கள் தம்பிக்கு நான்கும் முதல் நாளே தேவைப்படும். எலைட் சீரிஸ் 2-இல் ஸ்டிக்கின் இறுக்கத்தையும் அதனுடன் வரும் சிறு சாவியால் தளர்த்தலாம்; மிகத் தளர்வான நிலையில் வைத்துத் தொடங்குங்கள். அதே கன்ட்ரோலரில் 'ஷிஃப்ட்' என்றொரு வசதி உண்டு. ஒரு பொத்தானை அதற்கென ஒதுக்கி, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்றப் பொத்தான்களுக்கு இரண்டாவது வேலையைத் தரலாம். சுகமாக இயங்கும் இடது கைக்கு அதை வையுங்கள்.

கட்டைவிரலால் ஸ்டிக்கைத் தள்ளவே முடியவில்லை என்றால் பேடில் மட்டும் போதாது. எக்ஸ்பாக்ஸில் இரண்டு கன்ட்ரோலர்களை ஒரே கன்ட்ரோலராக இணைக்கும் வசதி 2017-இல் கோபைலட் என்ற பெயரில் வந்தது. தம்பி தம்மால் இயன்றதைச் செய்ய, பக்கத்தில் அமர்ந்து நீங்கள் பார்வையை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம். இதைத் தாண்டி, உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரும், 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கான ஆக்ஸஸ் கன்ட்ரோலரும் வெளிவந்தன. பெரிய பொத்தான்களை மேசையிலோ மடியிலோ வைத்து உள்ளங்கையாலும் அழுத்தலாம்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் சாதாரணக் கன்ட்ரோலரிலேயே கன்சோலின் அமைப்புப் பக்கத்தில் பொத்தான்களை இடம் மாற்றிப் பாருங்கள். இரண்டு கன்சோல்களும் அதை அனுமதிக்கின்றன. 'பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்' என்பதை 'ஒருமுறை தட்டினால் போதும்' என்று மாற்றும் தேர்வு பல விளையாட்டுகளில் உண்டு. எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதைக் கைக்குப் பயிற்சி அளிக்கும் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி மீண்டும் நண்பர்களோடு ஆட உட்கார்ந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: பின்னால் இரண்டு பொத்தான்களைச் சேர்ப்பதற்கு இவ்வளவு விலையா? மேலும், இது ஏமாற்று வேலை ஆகாதா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 2019 நவம்பரில் எலைட் சீரிஸ் 2 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 179.99 டாலர், 2023 ஜனவரியில் வந்த டூயல்சென்ஸ் எட்ஜ் 199.99 டாலர். பொத்தான்களுக்கு மட்டும் அந்த விலை இல்லை என்றாலும், பின்பக்கப் பேடிலுக்குக் காப்புரிமை வரலாறு ஒன்று இருப்பது உண்மை. வால்வ் நிறுவனம் தயாரித்த ஸ்டீம் கன்ட்ரோலரின் பின்பக்கப் பொத்தான்கள் தங்கள் காப்புரிமையை மீறுகின்றன என்று ஐரன்பர்க் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் அமெரிக்க நடுவர் குழு வால்வுக்கு எதிராக 40 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. இன்று குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. 2021-இல் வந்த 8பிட்டோ ப்ரோ 2-இல் பின்னால் இரண்டு பொத்தான்களும் மூன்று புரொஃபைல்களும் உள்ளன. நீங்கள் முதன்முறையாக முயல்பவர் என்றால், அத்தகைய ஒன்றில் பழகிவிட்டு மேலே போவதே என் யோசனை.

ஏமாற்று வேலை பற்றிய ஐயத்துக்கு: ஓர் அழுத்தலுக்கு ஒரு செயல் நடக்கும்வரை அது பொத்தானின் இடமாற்றம் மட்டுமே. ஒரே அழுத்தலில் வரிசையாகப் பல செயல்களை நடத்தும் மேக்ரோவும், பிடித்தால் தானே தட்டிக்கொண்டிருக்கும் டர்போவும் வேறு வகை. இணையப் போட்டிகளில் அவற்றைப் பயன்படுத்தினால் கணக்கையே இழக்க நேரலாம். மேற்சொன்ன எலைட், எட்ஜ் இரண்டிலும் மேக்ரோ வசதி கிடையாது.

கேள்வி: கடற்கரைக்கு மிக அருகில் வீடு. ஓராண்டுக்குள் ஸ்டிக் தானாக நகரத் தொடங்கிவிட்டது. அமைப்பில் சரிசெய்ய முடியுமா? (வாசகர், குளச்சல்)

பதில்: தற்காலிகமாக முடியும். ஸ்டிக்கின் அடியில் தேய்ந்துகொண்டே இருக்கும் மின்தடைத் தடம் உள்ளது. அது தேய்ந்தாலோ தூசும் உப்பும் படிந்தாலோ, விரல் படாமலே நகர்வதாகக் கன்ட்ரோலர் எண்ணிக்கொள்கிறது. நடுவில் உள்ள சிறு அசைவுகளைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் 'டெட் ஸோன்' அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நகர்வு நின்ற இடத்தில் நிறுத்துங்கள். எட்ஜில் இது கன்ட்ரோலர் அமைப்பிலேயே இருக்கிறது. பல விளையாட்டுகளிலும் தனியாக உண்டு. அளவைக் கூட்டக் கூட்ட நுணுக்கமான குறி போய்விடும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு மயக்கம் நிலவுகிறது. எலைட் சீரிஸ் 2-இல் மாற்றக்கூடியது ஸ்டிக்கின் தலைப்பகுதி மட்டுமே; உள்ளே இருக்கும் உணரியை அப்படி மாற்ற இயலாது. எட்ஜில்தான் ஸ்டிக் தொகுதியை முழுவதுமாகக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகலாம். காந்தப்புலத்தால் அளக்கும் ஹால் உணரி கொண்ட கன்ட்ரோலர்களில் தேயும் தடமே இல்லாததால், கடலோரத்தில் புதிதாக வாங்குபவர்கள் அவற்றைக் கேட்டு வாங்கலாம்.

முட்டத்தில் உறவினர் வீட்டுச் சன்னலோரம் நான் மறந்து வைத்த பழைய கன்ட்ரோலர் ஒன்றின் திருகுகள் ஒரு மழைக்காலத்தில் துருவேறிவிட்டன. நம் மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. ஆடி முடித்ததும் பேடில்களைக் கழற்றி, அவற்றையும் அவை ஒட்டும் குழிகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு இறுக மூடும் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்றைப் போட்டு, அதற்குள் கன்ட்ரோலரை வைத்து மூடிவிடுங்கள்.