தண்ணிக்குப் பேர் வெச்சா தப்பா?

வணக்கம் அக்கா,

நாங்க புதுச்சேரிக்காரங்க, இப்ப பாரிஸுக்கு வெளிய க்ரெத்தேய்ல இருக்கோம். பொண்ணுக்கு ஏழு வயசு, பையனுக்கு நாலு. பொண்ணு கிளாஸ்ல திடம், திரவம், வாயு பாடம் ஆரம்பிச்சிருக்காங்க. டீச்சர் நேரா பாடத்துக்குப் போகாம ஒரு படக்கதைய வாசிச்சுக் காட்டிருக்காங்க, பெர்லெத்னு ஒரு மழைத்துளி மேகத்துலேந்து குதிச்சு ஊரெல்லாம் சுத்திட்டு திரும்ப மேகத்துக்கே போற கதை. இவ வீட்டுக்கு வந்து "வெயில்ல காயறப்ப பெர்லெத்துக்கு வலிக்குமாம்மா?"ன்னு கேக்குறா. வீட்டுக்காரர் இதெல்லாம் சயின்ஸே இல்ல, தண்ணிக்கு பேரும் பேச்சும் குடுத்தா புள்ள மனசுல தப்பாத்தான் பதியும்னு சொல்றார். எனக்கு பிரெஞ்சும் அவ்ளோ வராது. வீட்ல நான் இந்த மாதிரி புத்தகங்கள வெச்சு ஏதாவது செய்யலாமா, இல்ல ஸ்கூலே பாத்துக்கட்டும்னு விட்ரலாமா? சின்னவனையும் சேத்துக்கலாமா?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

தாராளமா செய்யலாம். உங்க வீட்டுக்காரர் பயப்படறதுலயும் நியாயம் இருக்கு, அதுக்கு பின்னாடி வரேன்.

மொதல்ல அந்தப் புத்தகத்தப் பத்தி. மாரி கோல்மோன் எழுதுன கதை, 1930-கள்ல 'பேர் காஸ்தோர்'ங்கற வரிசையில ஃப்ளமாரியோன் பதிப்பகம் போட்டது. போல் ஃபோஷேங்கறவர் 1931-ல ஆரம்பிச்ச வரிசை அது, குழந்தைங்க கைக்கு அடங்கற, விலை கம்மியான, ஆனா படம் அழகா இருக்கற மெல்லிசு புத்தகங்க. பிரான்ஸ்ல இன்னிக்கும் சின்ன வகுப்புகள்ல தண்ணி பத்தி பேச ஆரம்பிக்கணும்னா டீச்சருங்க கை தன்னால போற புத்தகங்கள்ல பெர்லெத்தும் ஒண்ணு. ஆறுலேந்து ஒம்போது வயசுக்கான அங்கத்த பாடத்திட்டத்துல மூணு நிலைகள அடையாளம் காணணும், உருகறது உறையறதெல்லாம் கண்ணால பாக்கணும், காத்தும் ஒரு பொருள்தான்னு செஞ்சு பாத்து புரிஞ்சுக்கணும்னு இருக்கு. வரையறைய மனப்பாடம் பண்றத விட கண்ணால பாக்கறதும் கையால செய்யறதும்தான் முக்கியம், அதனால உங்க பொண்ணோட டீச்சர் சரியாத்தான் போறாங்க.

இப்ப பேர் விஷயம். குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் ஜெனீவால பிள்ளைங்க கிட்ட சர்க்கரைக் கட்டிய தண்ணில போட்டுக் காட்டி என்ன ஆச்சுன்னு கேட்டாங்க, 1941-ல புத்தகமா வந்துச்சு. சின்னப் பிள்ளைங்க சர்க்கரை இல்லாமலே போயிடுச்சுன்னு சொன்னாங்க, தித்திப்பு கொஞ்ச நேரம் இருக்கும் அப்புறம் அதுவும் போயிடும்னாங்க. கொஞ்சம் பெருசானதும் சர்க்கரை உள்ளதான் இருக்குன்னு வருது, எடை மாறலங்கறது அதுக்கப்புறம்தான் வருது, கொள்ளளவு இன்னும் பின்னாடி. ஆக ஏழு வயசுப் புள்ளைக்கு இந்தப் பாடத்துல கஷ்டமான எடம் "திடம்னா என்ன"ங்கறது இல்லவே இல்ல, கண்ணுக்குத் தெரியாம போனது எங்கயோ இருக்குங்கறதுதான். தரையில சிந்துன தண்ணி காஞ்சு போச்சுன்னா அது இல்லாம போச்சுன்னுதான் அது நெனைக்கும்.

இங்கதான் அந்தப் பேர் உதவுது! பெர்லெத் ஆத்துல இருக்கறப்பவும் பெர்லெத், கடல்ல இருக்கறப்பவும் பெர்லெத், வெயில் மேல இழுத்துட்டுப் போனப்புறமும் பெர்லெத்தேதான். உருவம் மாறுது, ஆனா காணாம போகல, திரும்பி வருது. இத ஏழு வயசுக்கு இவ்ளோ லேசா மனசுல உக்கார வைக்கற வேற வழி எனக்குத் தெரியல, அதனாலதான் நான் இந்தக் கதைகள விடாம தூக்கிப் பிடிக்கறேன்.

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல நியாயம் எங்கன்னா, கதை "எப்படி"ங்கறத சொல்லாது. வெயில் கூப்புட்டுச்சு துளி போச்சுன்னு முடிச்சிடும். நெஜத்துல ஒரு துளி முழுசா ஒரே ஆளா மேல போறதில்ல, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு பொடிசு பொடிசா பிரிஞ்சு காத்துல கலந்துடுது, மேல குளிர்ல திரும்ப ஒண்ணு சேந்து வேற துளிகளா ஆகுது. துளி விரும்பி ஒண்ணும் செய்யல, சூடும் குளிரும்தான் செய்ய வைக்குது. இத புத்தகத்துலேந்து எடுக்க முடியாது, அடுப்படிலேந்துதான் எடுக்கணும். அதனால ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க, கதைய ஒரே மூச்சுல வாசிக்காதீங்க, நிலை மாறப் போற பக்கத்துக்கு முன்னாடி நிறுத்திடுங்க, "இப்ப என்ன ஆகும், ஏன்?"னு கேளுங்க, அவ சொல்றத அவ வார்த்தையிலயே ஒரு நோட்டுல எழுத விடுங்க, அப்புறம் எழுந்து போய் செஞ்சு பாருங்க, பாத்துட்டு வந்து மிச்சத்த வாசிங்க.

நோட்டு யோசனை என்னோடது இல்ல. இயற்பியலுக்கு 1992-ல நோபல் வாங்குன ஜார்ஜ் ஷார்பாக், அவரோட பியேர் லேனாவும் ஈவ் கேரேயும் சேந்து, ஸ்கூல் பிள்ளைங்க அறிவியல கையால செஞ்சு கத்துக்கணும்னு 1996-ல ஆரம்பிச்ச 'லா மேன் ஆ லா பாத்'ங்கற முயற்சியோட அடிப்படை விதிகள்ல ஒண்ணு அது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சோதனை நோட்டு, அதுல அதோட சொந்த வார்த்தைங்க. ஒரே விஷயத்துக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரமாவது, பல வாரம் ஒதுக்கணும்னும் ஒரு விதி உண்டு. ஸ்கூல் அளவுக்கு வீட்ல முடியாது, ஆனா அவசரப்படாம ஒரு புத்தகத்த மாசக்கணக்குல வெச்சுக்கலாம்.

பெர்லெத் மாதிரி கதைக்கு, மூணு சின்னத் தட்டுல ஒரே அளவு தண்ணி ஊத்தி ஒண்ண ஹீட்டர் பக்கம், ஒண்ண மூலையில, ஒண்ண மேல பிளாஸ்டிக் பேப்பர் இழுத்து மூடி வைங்க. மறுநாள் மூடுன தட்டுல பேப்பருக்கு அடியில துளி நிக்கும், போனது எங்க போச்சுங்கறதுக்கு அவளே பதில் சொல்லிடுவா. அடுத்தது, ஒரு பாட்டில்ல தண்ணியும் கொஞ்சம் க்ரெனதீன் சிரப்பும் கலந்து மூடி ஃப்ரிட்ஜ்ல வெச்சு, நல்லா ஜில்லுன்னு ஆனதும் எடுத்து வெளிப்பக்கத்த தொடச்சு மேசை மேல வைங்க. வெளிய துளி துளியா நிக்கும். பாட்டில் ஒழுகுதுன்னுதான் முக்காவாசி பிள்ளைங்க சொல்லும். உள்ள செவப்பா இருக்கே, வெளிய இருக்கறதுக்கு ஏன் நிறமே இல்லைன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருங்க. அந்த மௌனத்துல அவ யோசிக்கறத பாக்க எவ்ளோ நேரம் வேணா உக்காந்திருக்கலாம்.

கெட்டில் மட்டும் நீங்களே பிடிங்க, பிள்ளைங்க தள்ளி நிக்கட்டும். தண்ணி கொதிக்கறப்ப கெட்டிலோட மூக்குக்கு பக்கத்துல ஒண்ணுமே தெரியாது, கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளையா பொகை மாதிரி வரும். நீராவிங்கறது அந்த ஒண்ணும் தெரியாத எடம்தான், வெள்ளையா தெரியறது திரும்பவும் குளுந்து பொடித் துளியா ஆன தண்ணி, மேகமும் அதேதான். இத பாத்துட்டு புத்தகத்துக்குத் திரும்புனா படத்துல ஓவியர் எத வரைஞ்சிருக்காருன்னு அவளே சொல்லுவா. மழைத்துளியையும் கேளுங்க, எல்லா புத்தகத்துலயும் மேல கூரா கீழ குண்டா வரைஞ்சிருப்பாங்க, ஆனா சின்னத் துளி உருண்டையா இருக்கும், பெரிய துளி விழறப்ப அடிப்பக்கம் தட்டையாயிடும். ஓவியர் ஏன் அப்படி வரையறாருன்னு பேசலாம், அதுக்காக படத்த மட்டம் தட்ட வேண்டாம்.

திடத்துக்கு பனி மனிதன் கதைங்க நூலகத்துல நெறைய கெடைக்கும். அதுல ஏதாவது ஒண்ணுல குழந்தைங்க பாவம் குளிருமேன்னு ஸ்வெட்டரோ மஃப்ளரோ போட்டு விடும். அங்க நிறுத்துங்க. ஸ்வெட்டர் போட்டா பனி சீக்கிரம் உருகுமா, மெதுவா உருகுமா? சீக்கிரம்னுதான் வரும் பதில், ஏன்னா ஸ்வெட்டர் சூடு தரும்னு நாமளே பிள்ளைங்க கிட்ட சொல்லி வெச்சிருக்கோம். ஒரே மாதிரி ரெண்டு ஐஸ் கட்டி எடுத்து ஒண்ண கம்பளி சாக்ஸ்ல சுத்தி ஒண்ண அப்படியே வைங்க. சாக்ஸ்ல இருக்கறது நின்னு நிதானமாத்தான் உருகும், கம்பளி சூட்ட உண்டாக்கறதில்ல, வெளிய இருக்கற சூடு உள்ள வராம தடுக்குது. எனக்கு இந்த சோதனைதான் எல்லாத்துலயும் ரொம்பப் பிடிச்சது, ஒரு நல்ல கதையோட பாசத்துலேந்தே ஒரு நல்ல கேள்வி பொறக்குது பாருங்க.

அதோட 200 கிராம் தண்ணிய ஒரு பிளாஸ்டிக் டம்ளர்ல ஊத்தி மட்டத்த பேனாவால கோடு போட்டு, டம்ளரோட எடை பாத்து ஃப்ரீஸர்ல வைங்க. உறைஞ்சதும் மட்டம் கோட்டுக்கு மேல ஏறியிருக்கும், தண்ணி உறையறப்ப சுமார் 9 சதவீதம் விரியும். எடுத்த உடனே வெளிப்பக்கத்த தொடச்சு எடை போட்டா தராசு அதே எடையத்தான் காட்டும். பெருசா தெரியுது ஆனா எடை கூடலங்கறது, பியாஜே சொன்னாரே பிள்ளைங்களுக்குப் பின்னாடிதான் வருதுன்னு, அந்த எடை விஷயம், கண்ணு முன்னாடியே. கண்ணாடி பாட்டில்ல இத செய்யாதீங்க, வெடிச்சிடும்.

"வலிக்குமா?"ங்கற கேள்விக்கு, வலிக்காதும்மா, தண்ணிக்கு உயிர் இல்ல, கதையிலதான் பேசுதுன்னு நேரா சொல்லிடுங்க. அந்த வயசுல பிள்ளைங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே வெளங்கும், கேக்கறதே உறுதிப்படுத்திக்கத்தான்.

பிரெஞ்சு வராதேன்னு கவலைப்படாதீங்க. அவ வாசிக்கட்டும், நீங்க தமிழ்ல கேள்வி கேளுங்க, நோட்டுல எந்த மொழியில வேணா எழுதட்டும். புத்தகம் வாங்கணும்னு இல்ல, உங்க ஊர் மெதியாதெக்ல, அதான் பொது நூலகத்துல, குழந்தைங்க பகுதியில கதை ஆல்பம் ஒரு பக்கமும், அறிவியல் புத்தகங்க வேற அலமாரில 500-னு ஆரம்பிக்கற எண்ணோடயும் இருக்கும். ரெண்டுலேந்தும் ஒவ்வொண்ணு எடுத்துட்டு வந்து பக்கத்துல பக்கத்துல வெச்சு, கதை சொல்லாத எதை இது சொல்லுதுன்னு அவளையே தேடச் சொல்லுங்க.

சின்னவனுக்கு திடம் திரவம்ங்கற பேரெல்லாம் இப்ப வேண்டாம். அவன் கையில ஐஸ் கட்டி குடுங்க, ரவையயும் தண்ணியயும் மாத்தி மாத்தி ஊத்த விடுங்க, ரவை குமிச்சு நிக்குது தண்ணி சமமா படுத்துக்குதுன்னு அவனே கவனிப்பான். அக்கா சோதனை செய்யறப்ப தட்டு தூக்கறதும் கோடு போடறதும் அவன் வேலையா இருக்கட்டும்.