யாளி ஏன் பிளந்தது?

வணக்கம் ஐயா,

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. ராத்திரி ஒன்றரை மணி நேரம் மரம் செதுக்குவேன். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் இருக்கிற யாளியைப் பார்த்துப் பார்த்து, டிசம்பர் மழையில் விழுந்த மாமரத்தின் 8 அங்குல உருளை ஒன்றில் நான்கு மாதம் செதுக்கினேன். தூக்கிய முன்னங்கால் ஒன்று வேலை நடக்கும்போதே ஒடிந்தது. முடித்த பிறகு ஈரம் போகட்டும் என்று மே மாதம் மொட்டை மாடியில் வைத்தேன். கழுத்திலிருந்து பீடம் வரை கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைத்திருக்கிறேன். என் கை சரியில்லையோ? மோட்டாரில் சுழலும் செதுக்குக் கருவி வாங்கினால் சுத்தமாக வருமா? விற்கவும் ஆசை.

பா.

அன்புள்ள பா.,

உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் பிடரிச் சுருள்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உளி நாரோடு சரிந்து இறங்கி, சுருளின் அடிமட்டத்தில் நின்று, மறுபக்கத்திலிருந்து திரும்ப இறங்கியிருக்கிறது. ஓரிடத்தில்கூட நார் பிய்யவில்லை. இந்தப் பக்குவம் எல்லோருக்கும் வந்துவிடாது. அப்படிப்பட்ட கை நான்கு மாதம் உழைத்ததை வடாம் காய்கிற மாடியில் கொண்டுபோய் வைத்தீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அதுவும் வேலூர் மே மாத வெயிலில்!

விற்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். சுழலும் கருவி வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், முகமூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். பிளந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிளந்ததற்குக் காரணம் தண்ணீர். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது: நாரின் குழாய்களுக்குள்ளும், குழாயின் சுவரிலும். குழாய்த் தண்ணீர் வெளியேறும்வரை எடைதான் குறையும், மரம் சுருங்காது. காய்ந்த எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்கு என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகுதான் சுவர் காயத் தொடங்கும், சுருக்கமும் தொடங்கும். நான்கு மாதம் உங்கள் யாளி சாதுவாக இருந்ததே, அதன் உள்ளே இன்னும் குழாய்த் தண்ணீர் இருந்தது. மாடியில் மேல்தோல் மட்டும் ஒரே மூச்சில் காய்ந்து சுருங்க, உள்ளே ஊறிய கட்டை விட்டுக்கொடுக்கவில்லை. தோல் கிழிந்தது.

நிழலில் வைத்திருந்தாலும் முழு உருளை தப்பியிருக்காது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஒரு பங்கு சுருங்கினால், வளையத்தைச் சுற்றி ஏறக்குறைய இரண்டு பங்கு சுருங்கும். கணக்கு எழுதுகிறவர்தானே, போட்டுப் பாருங்கள். 8 அங்குல உருளைக்குச் சுற்றளவு 25 அங்குலம். சுற்றுவாக்கில் நூற்றுக்கு 6, நடுவிலிருந்து வெளியே 3 என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 பங்குக்கு ஈடு கொடுக்க மரத்திடம் எதுவும் இல்லை. 25-இல் நூற்றுக்கு 3 என்றால் முக்கால் அங்குலம். உங்கள் கட்டைவிரல் நுழைந்தது அந்த முக்கால் அங்குலத்தில்தான்.

அதனால் மரம் கைக்கு வந்த அன்றே நடுச்சோறு (வளையங்களின் மையத்தில் இருக்கும் மெத்தென்ற பகுதி) வழியாக நீளவாக்கில் அறுத்து இரண்டாக்கிவிட வேண்டும், முடிந்தால் நான்காக. பாதிக் கட்டையில் அந்த இழுப்பு, தட்டை முகம் லேசாக வளைவதோடு தீர்ந்துவிடும். நார் முனைகளில்தான் தண்ணீர் வேகமாக ஓடும். இரண்டு முனைக்கும் பழைய எனாமல் பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள், அல்லது மெழுகை உருக்கித் தடவுங்கள். இதை வெட்டிய அன்றே செய்யுங்கள், மறுநாள் மயிரிழை வெடிப்பு வந்த பிறகு அடித்துப் பயனில்லை. தரையில் படாமல், இடையில் ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். மாமரத்தை மூட்டைக்குள் கட்டி வைத்தால் நீலம் பூத்துவிடும், வண்டும் துளைக்கும்.

அப்புறம் ஒரு தராசு வாங்குங்கள். சமையலறைத் தராசு போதும், பெரிய கட்டைக்கு மளிகைக் கடைத் தராசு. செதுக்குகிறவர்களிடம் இதை எத்தனை தரம் சொன்னாலும் உளியின் விலையைத்தான் கேட்கிறார்கள். கட்டையின் மேலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள், வாரம் ஒரு முறை. முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு தயங்கும், பிறகு நிற்கும். தொடர்ந்து மூன்று வாரம் எடை அசையாமல் நின்றால் உளியை எடுக்கலாம். அவசரமாகத் தெரிய வேண்டுமென்றால் கட்டையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு வில்லை அறுத்து எடை போட்டு, சுமார் 100 டிகிரி அடுப்பில் எடை நிற்கும்வரை காய வையுங்கள். 130 கிராம் வில்லை 100 கிராமில் நின்றால் ஈரம் 30, செதுக்கவே கூடாது. 112 கிராம் 100-இல் நின்றால் ஈரம் 12, தாராளமாகத் தொடங்கலாம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று ஆசாரிகள் சொல்வது உத்தேசக் கணக்கு. தராசு உங்கள் வீட்டு நிழலின் கணக்கைச் சொல்லும்.

அவ்வளவு நாள் பொறுக்காது என்றால் பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் நிலைச்சட்டமோ உத்திரமோ பாருங்கள். பல பத்தாண்டு காய்ந்த தேக்கு கிடைக்கும். காந்தம் வைத்துத் தடவி ஆணி இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு உளி வையுங்கள்.

ஒடிந்த கால் வேறு விஷயம். மண்டபத்து யாளி கல். கருங்கல்லுக்கு நார் ஓட்டம் கிடையாது. உங்கள் உருளையில் நார் மேலும் கீழுமாக ஓடுகிறது, முன்னங்காலோ குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. விரல் கனத்துக் கால் குறுக்கு நாரில் நிற்காது, பிஸ்கட் போல ஒடியும். காலின் நீளவாக்கில் நார் ஓடும்படி தனித் துண்டில் செதுக்கி, 6 மில்லிமீட்டர் மூங்கில் ஆணி இறக்கித் தோளில் பொருத்துங்கள்.

இனி அந்த ஃபெவிகால் கலவை. அது இறுகுவதற்குள் சுரண்டி எடுங்கள், இறுகியிருந்தால் மெல்லிய உளியால் எடுங்கள். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும்போது பிளவு மூடப் பார்க்கும். உள்ளே கல்லாக இறுகியது கிடந்தால் மூட முடியாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். யாளியை வீட்டுக்குள் நிழலில் வைத்து எடை எழுதி வாருங்கள். மழைக்காலம் தாண்டி, எடை நின்ற பிறகு, அதே மாமரத்தில் நார் அதே திசையில் ஓடுகிற மெல்லிய ஆப்பு ஒன்று சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவி இறக்குங்கள். மறுபக்கம் மரம் அசைய வழி இருக்கட்டும். பிடரியின் மேல் வரும் ஆப்பைக் கொஞ்சம் உயரமாக விட்டால் சுருளை அதிலேயே தொடரலாம்.

அடுத்த படம் அனுப்பும்போது எடை எழுதிய பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.