'அவர்கழ்' – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். உங்கள் கட்டுரை ஒன்றில் மினா ஷானஸி என்ற பெயரைப் பார்த்தேன். யார் அவர்? என் பிள்ளைகள் 'வாளைப்பளம்' என்கிறார்கள், 'அவர்கழ்' என்கிறார்கள். எத்தனை சுழித்தாலும் அடுத்த வாரமும் அதேதான். அவர்களுக்கு அக்கறை இல்லையா, எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லையா?

– ஒரு தமிழாசிரியை

அன்புள்ள டீச்சர்,

இரண்டும் இல்லை.

ஷானஸி 1924-இல் அமெரிக்காவில் பிறந்தவர். நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஆங்கிலம் எழுதச் சொல்லிக்கொடுத்தார். 1970-இல் அந்நகரப் பல்கலைக்கழகம், பள்ளி முடித்த நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் என்று அறிவித்தது. வந்தவர்களில் பலர் எழுதியே பழகாதவர்கள். இவர்களைத் தேற்ற முடியாது என்று சக ஆசிரியர்கள் கைவிரித்தார்கள். ஷானஸி அந்தப் பிள்ளைகள் சேரும்போது எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்துவைத்துப் படித்தார். ஒவ்வொரு பிழையும் எந்த யோசனையிலிருந்து பிறந்தது என்று தேடினார். இவர்கள் மந்தமானவர்கள் இல்லை, இப்போதுதான் தொடங்குகிறவர்கள் என்று 1977-இல் வந்த புத்தகத்தில் சொன்னார். மறுவருஷமே புற்றுநோயில் போய்விட்டார். வயது 54.

அவர் கண்ணோடு உங்கள் நோட்டைப் பாருங்கள். நம்ம பக்கத்து வாயில் ழகரம் ளகரமாகத்தான் வரும். 'வாளைப்பளம்' எழுதிய பிள்ளை காதை நம்பி எழுதியிருக்கிறது. 'அவர்கழ்' எழுதியவன் அதைத் தாண்டி ஒரு படி வந்துவிட்டான். வாய் 'ள' என்கிற இடத்தில் புத்தகம் பல நேரம் 'ழ' போடும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. எந்தெந்தச் சொல்லில் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. வேறு வேறு பாடம் வேண்டிய இருவருக்கும் நாம் ஒரே சிவப்புச் சுழியைப் போடுகிறோம்.

சின்ன வயதில் 'கோளி கூவியது' என்று எழுதியதற்காக என்னை வகுப்பு முடியும்வரை நிற்கவைத்தார்கள். அதன்பிறகு ரொம்ப நாள் ழகரம் வராத சொல்லாகத் தேடித் தேடி எழுதினேன். மழையைப் பற்றி எழுதச் சொன்னால் வெயிலைப் பற்றி எழுதுவேன். பிழைக்குப் பயந்த பிள்ளை எழுத்தையே சுருக்கிக்கொள்ளும் என்பதையும் ஷானஸி கண்டு எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த நோட்டில் 'அவர்கழ்' வந்தால், சுழிப்பதற்கு முன்னால் அந்தப் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஏன் இந்த எழுத்தைப் போட்டாய் என்று கேளுங்கள். அவன் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.