ஆஸ்திரேலிய ஃபீட்லாட் மாடுகள் வெயிலில் சாகாதா?

கூரையில்லாத பட்டியில் ஆயிரக்கணக்கில் இறைச்சி மாடுகளை அடைத்துத் தானியம் போட்டுக் கொழுக்க வைக்கும் ஃபீட்லாட்டின் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கவனிக்காவிட்டால் சாகும். ஆனால் வெறும் வெயிலைவிட மாட்டைக் கொல்வது புழுக்கம்தான்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டார்லிங் டவுன்ஸ் பக்கம் வறண்ட காற்றோடு 40 டிகிரி அடித்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். மழை பெய்து ஓய்ந்து, பட்டி ஈரமாகக் கிடந்து, காற்றும் நின்றுபோய், மறுநாள் வெயில் ஏறினால்தான் ஆபத்து. அதனால் வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்த வெப்பச்சுமைக் குறியீட்டைப் பார்ப்பார்கள். நிழலில்லாத பட்டியில் 100 நாளாகத் தானியம் தின்ற கறுப்பு ஆங்கஸ் ரக மாட்டுக்கு அது 86 தாண்டினால் உடம்பில் சூடு சேரத் தொடங்கும். 77-க்குக் கீழே வந்தால்தான் சேர்ந்த சூடு இறங்கும். திமில் உள்ள பிராமன் ரகம் 96 வரை தாங்கும். ராத்திரியும் புழுங்கினால் நேற்றைய சூட்டின் மேல் இன்றைய சூடு ஏறும். இரண்டாம், மூன்றாம் நாளில் மாடு விழுவது இதனால்தான்.

மூச்சைப் பார்த்தாலே நிலைமை தெரியும். முதலில் வாய் மூடியபடி வேகமாக இரைக்கும், எச்சில் ஒழுகும். பிறகு வாய் திறக்கும். கழுத்தை நீட்டி நாக்கைத் தொங்கவிட்டால் நிலைமை கைமீறப் போகிறது என்று அர்த்தம்.

அந்த நாட்களில் மாட்டை விரட்டவோ, ஊசி போடக் கொண்டுபோகவோ கூடாது. அவசியமென்றால் விடிகாலையில் முடித்துவிட வேண்டும். தானியத்தைக் குறைத்து வைக்கோல் மாதிரி நார்த்தீனியைக் கூட்டி, பெரும்பங்கை மாலையில் வைப்பார்கள். தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுச் சூடு உச்சத்துக்கு வரும், அது நடுப்பகலில் வந்துவிடக்கூடாது. தண்ணீர்த் தொட்டி கூடுதலாக வேண்டும்; இல்லையென்றால் வலுத்த மாடுகள் தொட்டியை மறித்து நின்றுவிடும். தண்ணீர் அடிப்பதானால் தோல் வரை நனைய வேண்டும். புகைபோலத் தூவினால் புழுக்கம்தான் கூடும்.

நம்மூரில் கொட்டகையைக் கிழக்கு மேற்காகக் கட்டுவோம். ஆஸ்திரேலியாவில் நிழல்வலையை வடக்கு தெற்காகக் கட்டச் சொல்கிறார்கள். நிழல் நகர்ந்துகொண்டே போவதால் சாணமும் மூத்திரமும் ஒரே இடத்தில் ஊறாமல் தரை காயும். எல்லா ஃபீட்லாட்டிலும் 2026-க்குள் நிழல் வேண்டும் என்று இந்தத் துறையின் சங்கமே இலக்கு வைத்தது.

தரைதான் யாரும் கேட்காத விஷயம். சரிவு 2.5 முதல் 4 சதவீதம் வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும், மிஞ்சினால் மழையில் சாணம் அடித்துக்கொண்டு போகும். சாணம் வாரும்போது அடிவரை சுரண்டவும் கூடாது. மாடு மிதித்து இறுகிய கறுப்பு அடுக்கு 25 முதல் 50 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதுதான் அழுக்கு நிலத்தடிக்கு இறங்காமல் தடுக்கும். அதன் மேலே தளர்வாகக் கிடப்பதைக் கோடைக்கு முன்பே வாரிவிட வேண்டும்.

"புல்லில் மேய வேண்டியதை அடைத்து வைப்பது பாவம்" என்று கமெண்டில் வருவீர்கள் என்று தெரியும். பெரும்பாலான மாடுகள் புல்வெளியில் வளர்ந்துதான் ஃபீட்லாட்டுக்கு வருகின்றன. உள்ளூர்ச் சந்தைக்கானவை 60 முதல் 100 நாள் இருக்கும். வாக்யூ என்ற ஜப்பானிய ரகம் மட்டும் ஒரு வருஷம்வரை, சிலது அதற்கு மேலும். 600 கிலோ மாட்டுக்குக் குறைந்தது 9 சதுர மீட்டர் விட வேண்டும் என்பது விதி.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: படிக்காத பிள்ளையைப் பார்த்து "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டுவதை நிறுத்துங்கள். மாட்டைப் புல்லிலிருந்து தானியத்துக்கு மாற்றும் 3 வாரத்தில் கொஞ்சம் அவசரப்பட்டால் வயிறு புளித்து, குளம்பு வீங்கி, ஈரல் சீழ் பிடிக்கும். தினமும் விடிகாலையில் தீனித் தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, அன்றைய அளவை முடிவு செய்கிறவனுக்கு அது அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும்.