பூங்கா பெஞ்சில் நான் அழுததை யாரோ வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டார். யூடியூபுக்கு அனுப்பிய புகாரும் தள்ளுபடியானது. அந்த வீடியோவை நீக்கச் சொல்ல முடியுமா?

முடியும். பூங்கா பெஞ்சில் நீங்கள் அழுததைப் படம்பிடித்தது வேறு, யூடியூபில் வெளியிட்டது வேறு. கியூபெக்கில் படிக்கட்டில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை அனுமதியின்றி வெளியிட்டதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1998-இல் கனடா உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

உங்கள் புகார் தள்ளுபடியானதற்கு, 'பதிப்புரிமை' பிரிவில் அனுப்பியதுதான் காரணமாக இருக்கும். அந்த உரிமை பொதுவாக எடுத்தவருக்கே. 'தனியுரிமை' பிரிவில் அனுப்புங்கள்.

அதற்குமுன் முகம் தெரியும் நொடியில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். தெரிந்தவர் உங்களை அடையாளம் காண்பாரா? அப்படியானால் அந்த நிமிடம், நொடி, உடுத்தியிருந்த உடை எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கூட்டத்தில் கடந்துபோகும் முகம் என்றாலோ, செய்திக்காக எடுத்தது என்றாலோ பல நாடுகளில் சட்டம் எடுத்தவர் பக்கமே நிற்கும்.